விமானம் திடீரெனக் குலுங்கினால்

பெல்ட் விளக்கு அணைந்ததும் கழற்றிவிடாதீர்கள். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஸ்க்யூ 321 மியன்மார் வானில் குலுங்கியபோது, 5 வினாடிக்குள் பெல்ட் போடாதவர்கள் மேலே தூக்கப்பட்டுக் கீழே விழுந்தார்கள். பெல்ட் போட அவகாசமே இருக்காது.

நான் அம்மாவைச் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கூட்டிவரும்போது, பெல்ட்டை அவர் வயிற்றில் இல்லாமல், தாழ்வாக இடுப்பெலும்பு மேல் இறுக்கிவிடுவேன். போர்வையைப் போர்த்திய பிறகு அதன் மேல்தான் பெல்ட். அப்போதுதான் பெல்ட் போட்டிருக்கிறாரா என்று பணிப்பெண் அவரை எழுப்பாமலே பார்த்துக்கொள்வார். டீயைப் பாதிக் கப் மட்டும் கேட்பேன்; ஒருமுறை வங்கக்கடல் மேல் முழுக் கப்பும் கொட்டி அவர் தொடை கொப்புளித்துவிட்டது. இன்றும் தழும்பு இருக்கிறது.

கழிவறைக்குப் போகும் வழியில் குலுங்கினால் உங்கள் சீட்டைத் தேடி ஓடாதீர்கள். பக்கத்துக் காலி சீட்டில் உட்காருங்கள். இல்லையா, தரையிலேயே உட்கார்ந்து சீட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொள்ளுங்கள்.

சரி, அடிபட்டுவிட்டால்? இறங்குவதற்கு முன்பே பணியாளரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அன்றே மருத்துவரைப் பார்த்து மருத்துவச் சான்று வாங்குங்கள், போர்டிங் பாஸைப் பத்திரப்படுத்துங்கள். சர்வதேசப் பயணத்துக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கை (விமானப் பயண இழப்பீடு பற்றிய நாடுகளின் ஒப்பந்தம்) பொருந்தினால், இழப்பீட்டு வழக்குக்கு 2 வருடம்தான் கெடு.