வாஷ் பேசினுக்கு எந்த வேஸ்ட் கப்ளிங் வாங்குவது?

பேசினின் அடித்துளையில் மாட்டி, தண்ணீரைக் கீழே உள்ள பைப்புக்கு இறக்கும் துண்டுதான் வேஸ்ட் கப்ளிங். கடையில் போய் "வாஷ் பேசினுக்கு ஒரு வேஸ்ட் கப்ளிங் கொடுங்க" என்றால், "ஹாஃப் த்ரெட்டா, ஃபுல் த்ரெட்டா?" என்று திருப்பிக் கேட்பார்கள். முழித்தால் கைக்கு வந்தது கிடைக்கும். அதனால் கிளம்பும் முன் பேசினைப் பாருங்கள். உள்பக்கம் விளிம்புக்குக் கீழே சின்ன ஓட்டை இருக்கிறதா? குழாயை மூட மறந்தால் தண்ணீர் அதன் வழியாகப் பீங்கானுக்குள்ளேயே இறங்கி, கப்ளிங்கின் பக்கவாட்டுத் துளையில் புகுந்து பைப்புக்குப் போய்விடும். அந்தத் துளை உள்ளதுதான் ஹாஃப் த்ரெட், மேல்பாதியில் மரை இருக்காது. ஓட்டையே இல்லாத பேசினுக்கு, அதாவது கிரானைட் மேல் வைக்கிற டேபிள் டாப் வகை பலவற்றுக்கு, துளையில்லாத ஃபுல் த்ரெட். மாற்றிப் போட்டால் ஒன்றில் வழியும் தண்ணீர் போக இடமில்லாமல் உள்ளேயே தேங்கி நாறும், இன்னொன்றில் துளை வழியாக வெளியே வந்து நட்டுப் பக்கம் சொட்டும்.

குறுக்களவு 32 மி.மீ.தான், 40 கிச்சன் சிங்குக்கு. நீளத்தில்தான் கோட்டை விடுவார்கள். சாதாரண பேசினுக்கு 80 மி.மீ. போதும். டேபிள் டாப்பில் கிரானைட்டையும் தாண்டி நட்டு ஏற வேண்டுமென்றால் 130 மி.மீ. கேளுங்கள்.

அப்புறம் வாய்ப்பகுதி. ஒருமுறை அமுக்கினால் மூடிக்கொண்டு, மறுமுறை அமுக்கினால் திறக்கும் பாப்-அப் பார்க்க அழகுதான். ஆனால் நம்மில் யார் பேசினை நிரப்பி முகம் கழுவுகிறோம்? போர்வெல் உப்புத்தண்ணீர் வரும் வீட்டில் உப்புப் படிந்து அந்த மூடி சீக்கிரமே இறுகிவிடும், முடி வேறு சுற்றிக்கொள்ளும். குழந்தை விளையாட்டாக அமுக்கிவிட்டுக் குழாயைத் திறந்து போட்டால், ஓட்டையில்லாத பேசினில் தண்ணீர் நேராகத் தரைக்குத்தான். எப்போதும் திறந்தே இருக்கும் சல்லடை வாய் போதும் என்பேன். மூடி கட்டாயம் வேண்டுமென்றால் கையால் கழற்றிக் கழுவ முடிகிறதா என்று கடையிலேயே திருகிப் பாருங்கள்.

பித்தளையில் குரோம் பூசியதைக் கையில் எடுத்தாலே கனம் தெரியும், அதையே வாங்குங்கள்.

பொருத்தும்போது சில பிளம்பர்கள் ஒயிட் சிமெண்ட் அப்புவார்கள். விடாதீர்கள், பிறகு கழற்றப் போனால் பீங்கானே விரியும். ரப்பர் வாஷரும் கொஞ்சம் சிலிக்கானும் போதும். மறுநாள் சிலிக்கான் காய்ந்ததும் கீழே நியூஸ்பேப்பர் விரித்து, ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாக ஊற்றிப் பாருங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் பேப்பர் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பார்த்த பிறகே கூலியைக் கொடுங்கள்.