கிணற்று நீச்சல்காரர்கள் ஷ்மிட் நினைவிடம் பார்க்கப் போவது எப்படி?

காட்பாடியில் காலை ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்துவிடுங்கள். சென்னை சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர். எதிரே பூங்கா நகர் நிலையம். வேளச்சேரி பறக்கும் ரயிலில் ஏறித் திருவான்மியூரில் இறங்கி, 'பெசன்ட் நகர் பீச், ஷ்மிட் மெமோரியல்' என்று ஆட்டோ பேசுங்கள். வழி அவ்வளவுதான்.

பையில் மாற்றுத்துணி மட்டும் வேண்டாம். அது இருந்தால் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கியே தீரும்.

மணலில் வளைவு வாசல் வைத்த வெள்ளைச் சுவர் தனியாக நிற்கும். 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிய டென்மார்க்காரர் ஷ்மிட்டுக்காகக் கட்டியது. காலையில் அதன் மேற்குப் பக்கம் நிழல் இருக்கும். பிள்ளைகளை அங்கே உட்காரவைத்து முதலில் இதைச் சொல்லுங்கள். செல்ஃபி அப்புறம்.

நம் பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. முதுகில் சுரைக்குடுவை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவன் நான்; மோட்டார் கொட்டகை மேலிருந்தே குதிப்பேன். அந்தத் தெம்பில் இருபது வயதில் இங்கே இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். காலடி மணல் நழுவியது. நீந்த நீந்தக் கரை தள்ளிப் போனது. குப்பத்து அண்ணன் ஒருவர் பாய்ந்து வந்து காலரைப் பிடித்து இழுத்தார். அவர் திட்டியதை எழுத முடியாது.

திட்டி முடித்து அவர் காட்டியதைத்தான் நீங்களும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைய, நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல், கலங்கலாக, சாதுவாகத் தெரியும். புதியவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். கரையேறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழி அது. மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்தபடி, கரையை ஒட்டிய திசையில் பக்கவாட்டாக நகர வேண்டும். இழுப்பு விட்ட பிறகே கரைப்பக்கம் திரும்ப வேண்டும். நினைவிடத்தருகே நின்று அந்த இடத்தைப் பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். என் பேத்தி கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அவள் கேட்டது வேறு: "தாத்தா, இந்த ஏரிக்கு அந்தாண்ட கரை எங்க?"

வடக்கே நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம். காய்கிற வலையை மிதிக்காதீர்கள். மீன் வாங்குவதானால் ஐஸ் போட்ட தெர்மாகோல் டப்பா அவசியம். நாங்கள் கொண்டுபோகவில்லை, அரக்கோணம் வருவதற்குள் நாற்றத்தில் ரயில் பெட்டி முழுக்க எங்களையே பார்த்தது.