வியர்வையை எடை போட்டுப் பாருங்கள்

கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போன்ற போட்டிக்கு (1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம்) தயாராகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஒரு சாதாரண எடை மெஷின். விலை உயர்ந்த சக்கரமெல்லாம் அப்புறம்.

பயிற்சிக்குக் கிளம்பும் முன், சிறுநீர் கழித்துவிட்டுக் குறைந்த உடையில் எடை பாருங்கள். போட்டி வேகத்தில் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டுங்கள். திரும்பியதும் ஈர உடையைக் கழற்றி, தலைமுடிவரை துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். 700 கிராம் குறைந்திருக்கிறது, வழியில் அரை லிட்டர் குடித்தீர்கள் என்றால், உங்கள் வியர்வை மணிக்குச் சுமார் 1.2 லிட்டர். ஓட்டத்துக்கும் தனியாக இதே கணக்கைப் போடுங்கள்.

சரி, இழந்ததை எல்லாம் குடித்தே நிரப்ப வேண்டுமா? வேண்டாம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, வலிப்பு வரைகூடப் போகலாம். நீண்ட பயிற்சி முடிந்து எடை கூடியிருந்தால், அதிகமாகக் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பனியன் காய்ந்ததும் முதுகில் வெள்ளை உப்புக் கோடு தெரிகிறவர்கள் பாட்டிலில் உப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரிக் காலையில் எடுத்த கணக்கு மே மாதத்துக்கு ஆகாது. ஒவ்வொரு போட்டிக்கும் மூன்று வாரம் முன்பு மறுபடி அளந்து, 20 நிமிடத்துக்கு எத்தனை மிடறு என்று ஹேண்டில்பாரில் ஒட்டிய பிளாஸ்திரியில் எழுதிவிடுங்கள்.