முலாம்பழத்தை வீட்டில் வாசமாகப் பழுக்க வைப்பது எப்படி?

வெயில் ஏற ஆரம்பித்ததும் சாலையோரமெல்லாம் முலாம்பழம் குவிந்துவிடும். ஆசையாக வாங்கி வந்து நறுக்கினால் பாதி வீடுகளில் ஒரே புலம்பல்தான்: "வெள்ளரிக்காய் மாதிரி சப்புன்னு இருக்கு, சர்க்கரை போட்டு ஜூஸ் அடிச்சிடலாம்." இந்தப் பதிவு அந்தப் புலம்பலுக்காக. தோல் சீவுவது, விதை எடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

தேவையானவை: ஒரு பிரவுன் பேப்பர் பை, நன்கு பழுத்த ஒரு வாழைப்பழம், உங்கள் மூக்கு.

படி 1: கடையில் காம்பைப் பாருங்கள்

தட்டிப் பார்ப்பது, குலுக்கிப் பார்ப்பது எல்லாம் அப்புறம். முதலில் காம்பு இருந்த இடத்தைத் திருப்பிப் பாருங்கள். மேல்தோலில் வலை பின்னிய ரகங்களில், காய் முற்றியதும் காம்பு ஒட்டும் இடத்தில் ஒரு பிரிவுப் படலம் உருவாகி, பழம் தானாகவே கொடியை விட்டுக் கழன்றுகொள்ளும். அப்படிக் கழன்ற பழத்தில் வட்டமாக, சுத்தமாக ஒரு குழி இருக்கும். காம்புத் துண்டு ஒட்டிக்கொண்டே இருந்தாலோ கத்தி பட்ட தடம் தெரிந்தாலோ அநேகமாக முன்கூட்டியே அறுத்தது. வழவழப்பான தோலுள்ள ஹனிட்யூ ரகத்துக்கு மட்டும் இந்தச் சோதனை பலிக்காது, அது லேசில் கழலாது.

அடுத்து வலையின் இடைவெளியில் தெரியும் தோல் நிறம். பச்சையாக இருந்தால் வைத்துவிடுங்கள். வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தால் எடுங்கள்.

படி 2: இனிப்பையும் வாசத்தையும் பிரித்துப் பாருங்கள்

எனக்குப் பிடிபட ரொம்ப நாள் எடுத்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

"ரெண்டு நாள் வெச்சிருந்து சாப்பிடுங்கண்ணே, சர்க்கரையா இருக்கும்" என்பார் கடைக்காரர். வாழைப்பழத்துக்கு அது சரி. வாழைக்காயில் மாவுச்சத்து நிறைய சேமிப்பில் இருக்கிறது, தாரை வெட்டிய பிறகும் அது உடைந்து சர்க்கரையாகும். முலாம்பழத்தில் அந்தச் சேமிப்பே கிடையாது. இலையில் தயாராகும் சர்க்கரை ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற வடிவில் கொடி வழியாக வந்து, காய்க்குள் சுக்ரோஸாக, அதாவது நாம் சாப்பிடும் சாதாரணச் சர்க்கரையாக மாறுகிறது. அதுவும் முற்றும் பருவத்தின் கடைசிக் கட்டத்தில்தான் வேகமாகச் சேரும். கொடியிலிருந்து அறுத்த நிமிடத்தோடு வரத்து நின்றுவிடும். அப்புறம் நீங்கள் எத்தனை நாள் வைத்தாலும் இனிப்பு ஒரு சிட்டிகைகூட ஏறாது.

அப்படியானால் வைத்துச் சாப்பிட்ட பழம் ஏன் கூடுதலாகத் தித்திக்கிறது? வாசம் கூடி, சதை இளகியிருப்பதால் நாக்குக்கு அப்படித் தோன்றுகிறது. இனிப்பு வேறு, வாசம் வேறு என்பதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. 1996-இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் அந்நாட்டுப் புகழ்பெற்ற ஷராந்தே ரக முலாம்பழத்தில், பழத்தைப் பழுக்கத் தூண்டும் எத்திலீன் வாயுவை உருவாக்கும் கடைசி நொதியை மரபணு வழியாக முடக்கினார்கள். சர்க்கரை வழக்கம்போல் சேர்ந்தது, சதை ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. ஆனால் தோல் மஞ்சளாகவில்லை, சதை இளகவில்லை, காம்பு கழலவில்லை. வாசமும் பெருமளவு குறைந்துபோனது.

ஆக, இனிப்பைக் கடையில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வாசத்தை மட்டும் வீட்டில் வரவைக்கலாம்.

சந்தேகம் இருந்தால், சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று காட்டும் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள். டிஜிட்டல் மாடல் வீண் செலவு, கண்ணில் வைத்துப் பார்க்கும் சாதாரணக் குழாய் போதும். நறுக்கியதும் ஒரு சொட்டுச் சாறு விட்டுப் பாருங்கள். அமெரிக்கத் தர விதிகளில் 9 பிரிக்ஸ் (சாற்றின் இனிப்பை அளக்கும் அலகு) நல்ல பழம், 11 மிக நல்ல பழம். எட்டுக்குக் கீழே போனால் என் வீட்டில் அது நேராக மிக்ஸிக்குத்தான்.

படி 3: பையில் போடுங்கள்

பழத்தையும் வாழைப்பழத்தையும் பேப்பர் பையில் போட்டு, வாயை இரண்டு மடிப்பு மடித்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பழத்துக்குள் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஏசிசி என்ற இடைப்பொருளும், அதிலிருந்து எத்திலீனும் உருவாகின்றன. முலாம்பழம் எத்திலீனை உணர்ந்தால் தானும் இன்னும் அதிக எத்திலீனை விட ஆரம்பிக்கும். வாழைப்பழம் அந்தத் தொடக்கத் தள்ளலைக் கொடுக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை.

உள்ளே நடப்பது சுவாரசியமானது. காயாக இருக்கும்போது வெள்ளரி வாசம் அடிப்பதற்குக் காரணம் ஒன்பது கார்பன் கொண்ட ஆல்டிஹைடுகள் என்ற வாசனைச் சேர்மங்கள். வெள்ளரிக்காயின் வாசத்துக்கும் இவைதான் பொறுப்பு. இரண்டும் குக்குமிஸ் என்ற ஒரே பேரினம், ஆச்சரியமில்லை. எத்திலீன் ஏறியதும் அசைல்டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதி விழித்துக்கொண்டு, ஆல்கஹாலையும் அமிலப் பகுதியையும் கோத்து எஸ்டர்கள் என்ற பழ வாசனைச் சேர்மங்களை உருவாக்கும். ஐசோலியூசின் என்ற அமினோ அமிலம் உடைந்து கிடைக்கும் சரக்கிலிருந்து எத்தில் 2-மெத்தில்பியூட்டனோயேட், 2-மெத்தில்பியூட்டைல் அசிடேட் இரண்டும் வருகின்றன. முதலாவதுதான் மூக்கைத் துளைக்கும் பழ வாசம், மிகச் சொற்ப அளவிலேயே மூக்குக்கு எட்டிவிடும். இரண்டாவது, வாழைப்பழ வாசம் தரும் ஐசோஅமைல் அசிடேட்டுக்கு நெருங்கிய பங்காளி. கூடவே கந்தகம் கலந்த எஸ்டர்கள் கொஞ்சம். கிர்ணிக்கே உரிய அந்தக் கனத்த மணத்தில் இவற்றுக்கும் பங்குண்டு.

பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம். பழம் மூச்சு விடுவதால் உள்ளே ஆக்சிஜன் குறைந்து நொதித்தல் தொடங்கிவிடும், ஈரம் கோத்துப் பூஞ்சையும் பிடிக்கும். அரிசி டப்பாவுக்குள் புதைப்பது மாங்காய்க்குச் சரி, இவ்வளவு பெரிய, நீர்ச்சத்துள்ள பழத்துக்கு எனக்கு அது பிடிக்காது. கார்பைடு கல் பேச்சே வேண்டாம். அதிலிருந்து வரும் அசிட்டிலீனும் பழுக்க வைக்கும்தான், ஆனால் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் கூடவே வரும். இந்தியாவில் பழங்களுக்குக் கார்பைடு தடை செய்யப்பட்டிருக்கிறது. எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை அனுமதி உண்டு.

படி 4: எப்போது எடுப்பது?

காம்புக்கு எதிர்ப்பக்கம், அதாவது பூ இருந்த முனையை முகர்ந்து பாருங்கள். பையைத் திறந்ததுமே வாசம் வந்து, அந்த முனை கட்டைவிரலுக்கு லேசாக அமுங்கினால் தயார். தினமும் ஒருமுறை பாருங்கள், ஒரே நாளில் தாண்டிப் போய்விடும். பழுத்த பிறகு ஃப்ரிட்ஜில் வைக்கலாம். பழுக்கும் முன் வைத்தால் குளிரில் எத்திலீனும் எஸ்டரும் முடங்கிவிடும். சாப்பிட அரை மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள், சில்லென்று இருந்தால் வாசம் மேலே எழும்பாது.

படி 5: கழுவி, பெரிய துண்டாக

வெட்டும் முன் தோலை ஓடும் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வலை இடுக்கில் இருக்கும் கிருமி கத்தி வழியே சதைக்குப் போகும். 2011-இல் அமெரிக்காவின் கொலராடோ பண்ணை ஒன்றிலிருந்து வந்த முலாம்பழத்தில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா பரவி 33 பேர் இறந்திருக்கிறார்கள். நறுக்கும்போது செல்கள் உடைந்து லிபாக்சிஜனேஸ் நொதி வேலையைத் தொடங்கும், வெள்ளரி வாசம் மறுபடி எட்டிப் பார்க்கும். அதனால் கூரான கத்தி, பெரிய துண்டு, நறுக்கியவுடன் சாப்பாடு.

பின்சேர்க்கை (கமெண்டில் கேட்டவை)

தர்பூசணியையும் பையில் போடலாமா? பயனில்லை. அது பறித்த பிறகு பழுக்கும் ரகம் கிடையாது, திராட்சையும் அன்னாசியும் அப்படியே.

வாழைப்பழத்துக்குப் பதில் ஆப்பிள் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். மாதக்கணக்கில் குளிர்கிடங்கில் இருக்கும் ஆப்பிள்களுக்கு, எத்திலீனை உணரவிடாமல் தடுக்கும் 1-எம்சிபி வாயு கொடுப்பது உண்டு. அப்படிப்பட்ட ஆப்பிள் எத்திலீனை அதிகம் விடாது. வாழைக்கே போங்கள்.

நெயில் பாலிஷ் வாசம் அடிக்கிறதா? மிஞ்சிப் பழுத்து நொதித்துவிட்டது. எத்தனாலும் எத்தில் அசிடேட்டும் சேர்ந்த வாசம் அது. தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அதிகம் பேர் கேட்டது: பால் சேர்த்து அடித்த ஜூஸ் கொஞ்ச நேரத்தில் கசக்கிறதே? பழத்தில் குற்றமில்லை. முலாம்பழத்தில் குக்குமிசின் என்ற புரதம் உடைக்கும் நொதி இருக்கிறது. அது பால் புரதத்தை வெட்டும்போது கசப்பான பெப்டைடுகள், அதாவது புரதத் துணுக்குகள் உருவாகும். பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றினாலும் பலனில்லை, நொதி இருப்பது பழத்தில். விழுதைத் தனியாக அடித்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு, குடிக்கக் கொடுக்கும்போது டம்ளரிலேயே பாலைக் கலந்துவிடுங்கள்.