ஒற்றை நட்சத்திரம் வந்த இரவும் அதற்குப் பின்னும்: சிறு கடைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தீபாவளிக்கு நான்கு நாள்கள் இருந்தன. கும்பகோணத்தில் என் அக்கா நடத்தும் தையல் கடையின் கூகுள் பக்கத்தில், இரவு பத்து மணிக்கு, ஒற்றை நட்சத்திரத்துடன் ஒரு மதிப்புரை வந்து விழுந்தது. "சொன்ன தேதிக்குத் தரவில்லை. கை இறுக்கமாக இருக்கிறது. பட்டு ப்ளவுஸ் வீணாகிவிட்டது." அக்கா அதைப் படித்துவிட்டு, வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றுவரை கடைக்கு இருந்தவை பத்தே மதிப்புரைகள். பத்தும் ஐந்து நட்சத்திரம். கடையின் கூகுள் பக்கத்தைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது என்பதால், அந்த இரவும் அதற்குப் பிறகும் கற்றுக்கொண்டதை, நம்மைப் போன்ற சிறு கடைக்காரர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பத்து ஐந்து நட்சத்திரங்களோடு ஒரு ஒற்றை நட்சத்திரம் சேர்ந்தால் சராசரி 5.0-இலிருந்து 4.6-க்கு இறங்கிவிடும். திரும்ப 4.9 என்று காட்ட வேண்டுமானால் அதற்குப் பிறகு இடைவிடாமல் பதினாறு பேர் ஐந்து நட்சத்திரம் தர வேண்டும். இருநூறு மதிப்புரைகளும் 4.6 சராசரியும் உள்ள கடைக்கு அதே ஒற்றை நட்சத்திரம் வந்தால், காட்டும் எண் அசைவதுகூட இல்லை. ஆகவே ஒரு மோசமான மதிப்புரை எவ்வளவு வலிக்கும் என்பது, அதில் எழுதியிருப்பதைவிட, அதற்கு முன்பு எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்பதையே பெரிதும் பொறுத்தது.

இந்த எண்ணுக்குப் பின்னால் வருமானமும் இருக்கிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தை வாடிக்கையாளர்கள் மதிப்புரை எழுதும் யெல்ப் தளத்தின் மதிப்பீடுகளோடு ஒப்பிட்டு 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம்வரை உயர்கிறது என்றும், அந்த உயர்வு தனி உணவகங்களுக்குத்தான், பெயர்பெற்ற தொடர் நிறுவனங்களுக்கு இல்லை என்றும் அவர் கண்டார். காரணம் விளங்காததன்று. பலகையில் உள்ள பெயரே தொடர் நிறுவனத்துக்குச் சாட்சி சொல்லிவிடுகிறது. நமக்காக யாராவது வந்து சொல்ல வேண்டும். கூகுளும், பக்கத்தில் உள்ள கடைகளை வரிசைப்படுத்தும்போது, தேடியதற்குப் பொருத்தம், தொலைவு, கடையின் பெயர்பரவல் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகவும், மதிப்புரைகளின் எண்ணிக்கையும் மதிப்பீடும் மூன்றாவதில் சேரும் என்றும் வெளிப்படையாகவே கூறுகிறது.

கூகுளில் கடை இருந்தும் அதன் பக்கம் உங்கள் கையில் இல்லையென்றால், இன்றே உரிமை கோரி உங்கள் பெயருக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள்தான் உரிமையாளர் என்பதைத் தொலைபேசி வழியாகவோ கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியோ சரிபார்ப்பார்கள். அது முடியாதவரை உரிமையாளராகப் பதில் எழுத முடியாது.

இனி, குறை வந்த இரவுக்குத் திரும்புகிறேன். அன்றே பதில் எழுதக் கூடாது என்பதுதான் நான் தரும் முதல் அறிவுரை. அக்கா கோபத்தில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த முதல் பதில் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது: "நீங்கள் கொடுத்த அளவு ப்ளவுஸே இரண்டு வருடம் பழையது, உடம்பு கூடினால் நாங்கள் என்ன செய்வது?" நல்ல வேளையாக அதை அனுப்பவில்லை. அதில் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் ஒரு பெண்ணின் உடலைப் பற்றி ஊரறியப் பேசுகிற கடையில் வேறெந்தப் பெண் அளவு கொடுப்பார்?

மறுநாள் காலை அளவு நோட்டை எடுத்துப் பார்த்தோம். கைச் சுற்றளவு, கொடுத்த அளவு ப்ளவுஸில் உள்ளபடியேதான் வெட்டப்பட்டிருந்தது. தேதியோ 18 என்று எழுதி, அடித்து, 20 என்று மாற்றப்பட்டிருந்தது. அந்த மாற்றத்தை வாடிக்கையாளரிடம் யாரும் சொல்லவில்லை. அதாவது இரண்டு குறைகளில் ஒன்று முழுக்க எங்களுடையது. பதில் எழுதுமுன் இப்படிப் பில்லையும் நோட்டையும் புரட்டி, எது நம் தவறு, எது இல்லை என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை விட்டுவிட்டு எழுதும் மன்னிப்பு, எல்லாக் கடைகளும் ஒட்டிவைக்கும் "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்ற வாசகமாகத்தான் வந்து நிற்கும்.

கடைசியில் நாங்கள் எழுதியது இது: "வணக்கம் அம்மா. 18-ஆம் தேதி தருவதாகச் சொல்லிவிட்டு, உங்களிடம் தெரிவிக்காமல் தேதியைத் தள்ளியது எங்கள் தவறு; பண்டிகை நேரத்தில் உங்களை அலையவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். எல்லாப் பட்டு ப்ளவுஸ்களிலும் உள்ளே தையலுக்குத் துணி விட்டிருக்கிறோம். ப்ளவுஸைக் கொண்டுவந்தால், நீங்கள் காத்திருக்கும்போதே கையைத் தளர்த்தித் தருகிறோம். கட்டணம் இல்லை."

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தவறு எது என்பதைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டோம். இறுக்கத்துக்கு யார் காரணம் என்ற வழக்குக்குப் போகவே இல்லை. அவர் அளவையோ, பில் தொகையையோ, தொலைபேசி எண்ணையோ வெளியிடவில்லை. அடுத்து அவர் என்ன செய்யலாம் என்பதைத் தெளிவாகச் சொன்னோம். அவர் ஒருவருக்கு எழுதிய பதில்தான், ஆனாலும் அதை அதிகம் படிக்கப்போகிறவர்கள், அடுத்த முகூர்த்தத்துக்கு எங்கே துணி கொடுக்கலாம் என்று தேடுகிறவர்கள். உள்ளே துணி விட்டுத் தைக்கிறோம் என்ற ஒரு வரி அவர்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது.

அந்த அம்மா தீபாவளிக்கு முதல் நாள் வந்தார். அக்கா கையைப் பிரித்து அரை இன்ச் தளர்த்தித் தைத்துக் கொடுத்தார். சில நாள் கழித்து அவர் தம் மதிப்புரையை மாற்றி மூன்று நட்சத்திரம் தந்தார். அது நியாயமான மதிப்பெண் என்றே நினைக்கிறேன். மாற்றச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. குறிப்பாக, மதிப்புரையை நீக்கினால் பணம் திருப்பித் தருகிறேன், தள்ளுபடி தருகிறேன் என்று பேரம் பேசக் கூடாது. கூகுளின் விதிகள் அதைத் தடை செய்கின்றன.

பாராட்டு கேட்பதிலும் இதே விதி உண்டு. மதிப்புரை எழுதினால் ஃபால்ஸ் இலவசம் என்பதுபோல் எதையும் கொடுக்கக் கூடாது. மகிழ்ச்சியாகப் போகிறவர்களைத் தேர்ந்து அவர்களிடம் மட்டும் கேட்பதும் தவறு. எல்லாரிடமும் கேளுங்கள். உங்கள் பக்கத்திலேயே அதற்கான இணைப்பும் கியூஆர் கோடும் கிடைக்கும், அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம். எங்கள் அனுபவத்தில் கல்லாவில் ஒட்டிய கியூஆர் கோடை யாரும் பார்க்கவில்லை. போட்டுப் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிய பிறகுதான் எழுதத் தொடங்கினார்கள். "எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள் அக்கா, குறை இருந்தாலும் எழுதுங்கள்" என்று கடைப்பெண் சொல்வாள். என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க மாட்டாள். ப்ளவுஸா, சுடிதாரா, ஆரி வேலையா என்று வாடிக்கையாளரே எழுதும்போது, அதே வேலையைத் தேடி வருகிறவருக்கு அது உதவுகிறது.

நூறு மதிப்புரை இவ்வளவு ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களை அண்டவிடாதீர்கள். ஒரே வாரத்தில், ஊர்பேர் தெரியாத கணக்குகளிலிருந்து வந்து குவிவதைக் கூகுள் கண்டுபிடித்து நீக்கினால், உண்மையான மதிப்புரைகளின் மேலும் சந்தேகம் விழும். போலி மதிப்புரைகளைக் கட்டுப்படுத்தும் நோக்கில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலையை 2022 நவம்பரில் வெளியிட்டது. இணைய விற்பனைத் தளங்களில் விற்பவர், தாமே வாடிக்கையாளர்போல் வேடமிட்டு மதிப்புரை எழுதுவதை 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடுக்கின்றன.

பொய்யான மதிப்புரை வந்தால் என்ன செய்வது? மதிப்புரையின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் புகார் செய்யும் வழி திறக்கும். கடைக்கே வராதவர் எழுதியது, போட்டிக் கடைக்காரர் எழுதியது, வசைமொழி, சம்பந்தமில்லாத பேச்சு போன்ற காரணங்கள் செல்லும். "அவர் சொல்வது உண்மையில்லை, நான் நன்றாகத்தான் தைத்தேன்" என்ற காரணம் செல்லாது. கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான வழக்கைக் கூகுள் தீர்ப்பதில்லை. முடிவு தெரியச் சில நாள்கள் ஆகும். மறுக்கப்பட்டால் ஒருமுறை மேல்முறையீடு செய்யலாம். அதுவரை, "இந்தப் பெயரில் எங்கள் நோட்டில் ஆர்டர் எதுவும் இல்லை, பில் எண்ணைத் தெரிவித்தால் உடனே பார்க்கிறோம்" என்று ஒரு பதிலைப் போட்டுவையுங்கள். ஒற்றை நட்சத்திரங்களை வரிசையாகப் போட்டுவிட்டு, நீக்கப் பணம் கேட்டு யாராவது மிரட்டினால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். செய்திகளைத் திரைப்பிடிப்பு எடுத்துவைத்துக்கொண்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

மதிப்புரைகள் கடையை மாற்றும் விதம் ஒன்று உண்டு. அதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். கை இறுக்கம் என்று ஒருவர் சொன்னால் அது ஒரு ப்ளவுஸின் கதை. தேதி தவறுகிறது என்று மூன்றாவது ஆள் சொல்லும்போது அது கடையின் கதை. எங்களுக்கு அந்த மூன்றாவது ஆள் அடுத்த தை மாதத்தில், கல்யாண நெருக்கடியில் வந்தார். அதன்பின் அக்கா பண்டிகைக்குப் பன்னிரண்டு நாள் முன்பே புது ஆர்டர் வாங்குவதை நிறுத்தினார். வருமானத்தில் கை வைக்கும் முடிவு அது. எடுக்க மனம் எளிதில் வரவில்லை. தேதி மாறினால், மாற்றியவரே வாடிக்கையாளருக்குப் போன் செய்துவிட்டு நோட்டில் கையெழுத்திட வேண்டும் என்ற வழக்கமும் அப்போதுதான் வந்தது.

அக்காவின் கைபேசியில் புது மதிப்புரை வந்ததாகச் சொல்லும் அறிவிப்புகளை நிறுத்திவிட்டேன். கத்திரி பிடித்திருக்கும் கைக்கு நடுவேலையில் அந்தச் செய்தி வரக் கூடாது. செவ்வாயும் வெள்ளியும் கடை சாத்திய பிறகு நான் வாசிக்க, அவர் கேட்கிறார். பாராட்டை எந்தப் பெண் தைத்தாளோ அவளிடம் மறுநாள் சொல்கிறார். குறை இருந்தால், அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆர்டர் எண்ணோடு சேர்த்துத் தம் கைப்பட எழுதிவைக்கிறார்.