விரிசல் விட்ட கியர் பாக்ஸின் காலை வெல்டிங் செய்வது எப்படி? ஃபவுண்டரி (வார்ப்பாலை) பராமரிப்பு வெல்டருக்கான முதல் பாடம்

கோயம்புத்தூரில் பீளமேடு, கணபதி வட்டாரத்து ஃபவுண்டரிகளில் பராமரிப்புப் பிரிவுக்கு வரும் இளைஞர்களில் பெரும்பாலோர் ஐ.டி.ஐ.யில் மைல்ட் ஸ்டீல் தகட்டில் கை பழகியவர்கள். நல்ல அடித்தளம்தான். ஆனால் ஃபவுண்டரியில் உடைந்து வருபவை பெரும்பாலும் வார்ப்பிரும்பு. வார்ப்புகள் மேல் இரும்புக் குண்டுகளை வீசிச் சுத்தம் செய்யும் ஷாட் பிளாஸ்டிங் அறையில் மாங்கனீஸ் ஸ்டீல். தகட்டுக்குச் செய்வதை இவற்றுக்கும் செய்தால் உடைந்தது மேலும் உடையும். ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். மணல் கலக்கும் சாண்ட் மில்லின் கியர் பாக்ஸ். நான்கு கால்களில் ஒன்றில் போல்ட் துளையிலிருந்து மேல்நோக்கி விரிசல்.

1. முதலில் மில்லை உயிரில்லாமல் ஆக்குங்கள்

சுவிட்சை அணைத்தால் போதாது. மெயின் ஐசோலேட்டரைப் பூட்டி, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொண்டு, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, மில் ஓடவில்லை என்று கண்ணால் பாருங்கள். மில்லுக்குள் இறங்க வேண்டிய வேலை என்றால் வெளியே ஓர் ஆள் நிற்க வேண்டும். கை விளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே இந்த வரம்பை வைத்திருந்தது.

அச்சு செய்யும் ஈரக் களிமண் கலந்த மணலில் (‘பச்சை மணல்’ என்பார்கள்) நிலக்கரித் தூளும் கலந்திருக்கும். மில்லைச் சுற்றி, பெல்ட்டுக்கு அடியில், தூசிக் குழாயில் படிந்திருக்கும் அந்தத் தூள் பொறி பட்டால் புகைந்துகொண்டே இருந்து, நீங்கள் போன பிறகு பற்றும். பெருக்கி எடுத்துவிட்டு, பெல்ட்டைத் தீப்பிடிக்காத போர்வையால் மூடுங்கள். வேலை முடிந்த பின்னும் அரை மணி நேரமாவது ஒருவர் அங்கே நிற்க வேண்டும். உலர்தூள் தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். உருகிய உலோகம் போகும் பாதையில் தண்ணீர் வாளி வைக்காதீர்கள். ஆவியாகும் தண்ணீர் சுமார் 1600 மடங்கு விரியும். உருகிய இரும்புக்கு அடியில் அது சிக்கினால் வெடிக்கும்.

2. என்ன உலோகம் என்று உறுதி செய்யுங்கள்

கிரைண்டரை லேசாக வைத்துப் பொறியைப் பாருங்கள். மைல்ட் ஸ்டீல் நீளமாக, வெளிர் மஞ்சளாகப் பொறி விடும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பாக இருக்கும். உளியால் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால், ஸ்டீல் சுருண்டு வரும். வார்ப்பிரும்பு பொடியாக உதிரும். காந்தம் ஒட்டவே இல்லை என்றால் அது மாங்கனீஸ் ஸ்டீலாக இருக்கலாம். அதன் முறையே வேறு: வெல்டிங்குக்கு முன் சூடாக்கக் கூடாது, 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறவும் விடக் கூடாது.

நம் கியர் பாக்ஸ் சாம்பல் வார்ப்பிரும்பு. அதில் ஏறத்தாழ 3 சதவீதத்துக்கு மேல் கார்பன், பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக. வெல்டிங் சூட்டில் அந்தக் கார்பன் கரைந்து, வேகமாக ஆறும்போது பற்றுக்கு (வெல்டிங்கில் உருகிப் படியும் உலோகத்துக்கு) அருகே கண்ணாடிபோல் கடினமான ஒரு பட்டை உருவாகும். பற்று ஆறிச் சுருங்கி இழுக்கும்போது, வளைந்துகொடுக்கத் தெரியாத அந்தப் பட்டை பிளக்கும். இனி வரும் படிகள் எல்லாமே இந்த இழுப்பைக் குறைப்பதற்காகத்தான்.

3. விரிசலின் உண்மையான முனையைத் தேடுங்கள்

ஷாஃப்ட், பேரிங், சீல் எல்லாவற்றையும் கழற்றி, எண்ணெயை வடித்து, வெறும் கூட்டை மேசைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கழற்ற வழியில்லாத வேறு வேலைகளில், எர்த் கிளாம்ப்பை வெல்டிங் செய்யும் அதே துண்டிலேயே, இடத்துக்கு மிக அருகே போடுங்கள். எட்டத்தில் போட்டால் மின்சாரம் பேரிங்கின் குண்டுகள் வழியாகப் பாய்ந்து, அவை உருளும் பாதையில் சின்னச் சின்னக் குழிகளைச் சுட்டுவிடும். சில நாளில் அந்தப் பேரிங் இரையத் தொடங்கும். காரணம் யாருக்கும் புரியாது.

சுத்தம் செய்ய குளோரின் கலந்த கரைப்பான் வேண்டவே வேண்டாம். ஆர்க்கின் வெளிச்சமும் சூடும் பட்டால் அதன் ஆவி ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

சிவப்புச் சாயம் தெளித்து, பத்து நிமிடம் பொறுத்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடியுங்கள். வெள்ளைப் பரப்பில் சிவப்புக் கோடு மெல்ல ஊறி வரும். கண்ணுக்குத் தெரிந்ததைவிட விரிசல் நீளமாக இருப்பதுதான் வழக்கம். அந்தக் கோட்டின் நுனியைச் சற்றுத் தாண்டி 5 மி.மீ. துளை போடுங்கள். விரிசல் மேலே ஓடாமல் அங்கே நிற்கும்.

4. எண்ணெயை வெளியேற்றி, பள்ளம் வெட்டுங்கள்

பல ஆண்டுகள் கியர் எண்ணெயில் ஊறிய வார்ப்பிரும்பு கிராஃபைட் இடுக்குகளில் அதைச் சேர்த்து வைத்திருக்கும். மூடிகள் எல்லாம் திறந்திருக்க, கேஸ் டார்ச்சால் அந்தப் பகுதி முழுவதையும் மெதுவாகச் சூடாக்குங்கள். எண்ணெய் கசிந்து புகையும். துடைத்து மறுபடி சூடாக்குங்கள், புகை நிற்கும்வரை. பிறகு தானாக ஆறட்டும். இந்தப் படியைத் தாண்டினால் பற்றில் ஊசித் துளைகள் நிச்சயம்.

விரிசல் நெடுக சுமார் 60 டிகிரியில் ‘வி’ பள்ளம் வெட்டுங்கள். கடைசிக் கை அரத்துடையதாக இருக்கட்டும்; கிரைண்டர் கல் உலோகத்தை இழுத்துப் பூசி விரிசலை மறைத்துவிடும். மீண்டும் சாயச் சோதனை செய்து, பள்ளத்தின் அடியில் சிவப்பு இல்லை என்று பார்த்த பிறகே ராடை, அதாவது வெல்டிங் குச்சியை, எடுக்க வேண்டும்.

5. ராடும் ஆம்பியரும்

சுமாராக 55 சதவீத நிக்கலும் மீதி இரும்பும் கொண்ட ராடு இந்தக் கனத்துக்குப் பொருத்தம். தூய நிக்கல் ராடு மெல்லிய வார்ப்புக்கும், பின்னர் மெஷினிங் செய்யும் இடத்துக்கும் நல்லது. விலை அதிகம் என்று ஸ்டோரில் முணுமுணுப்பார்கள். அதற்காக மைல்ட் ஸ்டீல் ராடைப் போடாதீர்கள். அது கார்பனை உறிஞ்சிக் கடினமாகி, பற்றே பிளந்துபோகும். 2.5 மி.மீ. ராடுக்கு 70 ஆம்பியர் அளவில் தொடங்கலாம். பாக்கெட்டில் அச்சிட்ட வரம்பின் கீழ்ப்பக்கமே இருங்கள்.

புகையை இழுக்கும் குழாயைப் பக்கத்தில் வையுங்கள், முகக் கவசத்துக்குள் சுவாச வடிகட்டியும் அணியுங்கள். வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் வகைப்படுத்தியது. நிக்கல் புகையில் அலட்சியம் இன்னும் ஆபத்து.

6. ஓர் அங்குலம், சுத்தியல், பொறுமை

விரிசலின் நுனித் துளைப் பக்கம் தொடங்கி, திறந்த ஓரத்தை நோக்கி முன்னேறுங்கள். ஒருமுறைக்கு 25 மி.மீ. நீளம்தான். ராடை அசைத்து அகலமாக்காதீர்கள். நேர்கோட்டில் ஒல்லியாக இழுத்து, கடைசிக் குழியை நிரப்பி, ஆர்க்கை அணையுங்கள். பற்றின் மேல் படியும் கசடான ஸ்லாக்கைத் தட்டியவுடன், பற்று சிவப்பு மாறிக் கறுக்கும் அந்தச் சில நொடிகளில், உருண்டை முனைச் சுத்தியலால் வரிசையாக லேசாகத் தட்டுங்கள். மேற்பரப்பில் சின்னச் சின்ன அம்மைத் தழும்பு போல் பதிவு விழ வேண்டும். சுருங்க முயலும் பற்றை இந்தத் தட்டு விரித்துவிடுகிறது, இழுப்பு குறைகிறது.

பிறகு காத்திருங்கள். பற்றுக்குப் பக்கத்தில் வெறுங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடியும் அளவுக்கு ஆறட்டும். அதுவரை அடுத்த அங்குலம் கிடையாது. தயாரிப்புப் பிரிவிலிருந்து ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்று ஆள் வருவார். மோல்டிங் லைன் நிற்கிறது, அவருடைய அவசரம் நியாயமானது. ஆனாலும் இந்த இடைவெளியை விட்டுக்கொடுக்காதீர்கள். தண்ணீரோ காற்றோ அடித்து ஆற்றவும் கூடாது. ஆறும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டால், அது புது விரிசல். அந்தப் பகுதியைத் தோண்டி எடுத்துவிட்டுத் திரும்ப இட வேண்டும், மேலே மூடி மறைக்கக் கூடாது.

முடிந்ததும் உலர்ந்த மணலிலோ போர்வையிலோ மூடி வையுங்கள். முற்றிலும் ஆறிய பின் மறுநாள் சாயச் சோதனை.

7. ஏன் உடைந்தது என்று பாருங்கள்

கியர் பாக்ஸ் கால் சும்மா உடைவதில்லை. அடித்தளம் சமமில்லாமல் ஒரு கால் அந்தரத்தில் நிற்க, அதை போல்ட் போட்டு இழுத்து இறுக்கியிருப்பார்கள். மாட்டும்போது ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி, டயல் கேஜ் வைத்துக் கால் எவ்வளவு எழும்புகிறது என்று பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் எழும்பினால் அதற்கேற்ற ஷிம் தகடு வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் உங்கள் பற்று நிற்கும், அதற்குப் பக்கத்தில் விரியும்.

கிரேன் கொக்கி, உருகிய இரும்பைச் சுமக்கும் பாத்திரமான லேடிலின் பக்கவாட்டு அச்சுகள், லேடிலைத் தூக்கும் வில் ஆகியவற்றில் விரிசல் தெரிந்தால், இந்தப் பாடத்தில் உள்ள எதையும் அங்கே செய்யாதீர்கள். உருகிய இரும்பு மனிதர் தலைக்கு மேலே அவற்றில்தான் தொங்குகிறது. கொக்கியை மாற்றத்தான் வேண்டும். லேடிலை ஓட்டத்திலிருந்து விலக்கி, பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். யார் சொன்னாலும் ராடை எடுக்காதீர்கள்.