மாநிலம் ஆணையிடும், பள்ளி வாரியம் செலவழிக்கும்: அந்தத் தொகையைக் கண்டறிவது எப்படி?

அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்றம் பள்ளிகளின் மேல் புதிய கடமையொன்றைச் சுமத்திவிட்டு, அதை நிறைவேற்றத் தேவையான பணத்தைத் தராமல் விடுவதை ‘அன்ஃபண்டட் மேன்டேட்’ என்கிறார்கள். தமிழில் நிதியில்லா ஆணை எனலாம். ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை உள்ளூர்ச் சொத்து வரியின் துணையோடும் நடத்தும் உள்ளாட்சி அமைப்பே பள்ளி மாவட்டம்; இந்தச் செலவு அதன் பட்ஜெட்டில் தனித் தலைப்பில் இராது. சம்பளம், பேருந்து, பயிற்சி, ஆலோசகர் கட்டணம் என்று பல வரிகளுக்குள் கரைந்து கிடக்கும். சொத்து வரி ஏன் ஏறுகிறது, இசை ஆசிரியர் பணியிடம் ஏன் நீக்கப்படுகிறது என்று கேட்கும் பெற்றோர், இதைத் தேடி எடுத்தால்தான் மாவட்டத்தை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்திடம் கேட்க வேண்டிய கேள்வியையும் மாநிலத்திடம் கேட்க வேண்டிய கேள்வியையும் பிரித்தறிய முடியும்.

முதலில் ஒரே ஓர் ஆணையைத் தேர்ந்தெடுங்கள். அது மாநிலச் சட்டத்தால் வந்ததா, கூட்டாட்சிச் சட்டத்தால் வந்ததா என்று பாருங்கள். ஏனெனில் பல மாநிலங்களில், கூட்டாட்சி அரசு கட்டாயமாக்கியதற்கு மாநிலத்திடம் ஈடு கேட்க இயலாது. சிறப்புக் கல்வியில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கல்வி உரிமை வழங்கிய 1975-ஆம் ஆண்டுச் சட்டம், தேசிய சராசரி மாணவர் செலவில் 40 விழுக்காடு வரை கூட்டாட்சி அரசு கூடுதலாகத் தரலாம் என்றது. அந்த அளவு இதுவரை ஒருமுறைகூட எட்டப்படவில்லை. அதற்கு மேல் மாநிலங்கள் தம் விதிகளையும் சேர்க்கின்றன. கூட்டாட்சிச் சட்டம் 21 வயதோடு நிற்க, மிச்சிகன் 26 வயது வரை சிறப்புக் கல்விக்கு வழிசெய்கிறது. அந்தக் குழந்தைகளின் உரிமையைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஒருபோதும் சொல்லவும் மாட்டேன். செலவை யார் ஏற்பது என்பது மட்டுமே இங்கே கேள்வி.

அடுத்து, வாரியம் நிறைவேற்றிய பட்ஜெட்டையும் ஆண்டுத் தணிக்கை அறிக்கையையும் எடுத்து, அந்தப் பணிக்கான மொத்தச் செலவிலிருந்து அதற்கென்று வந்த மாநில, கூட்டாட்சி நிதியைக் கழியுங்கள். பொது நிதியிலிருந்து சிறப்புக் கல்விக்கு மாற்றப்படும் தொகை பல மாவட்டங்களில் தனி வரியாகவே இருக்கும். பணி நேரமாக மறைந்திருக்கும் செலவைத்தான் நாமே கணக்கிட வேண்டும். ஒரு புதிய அறிக்கைக்குப் பள்ளி ஒன்றுக்கு மாதம் 6 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 பள்ளிகள், 10 மாதங்கள் என்றால் 600 மணி நேரம், மணிக்கு 50 டாலர் என்றால் 30,000 டாலர். இப்படிப்பட்ட பதிவேட்டுச் சுமையே மிச்சிகனில் வழக்கானது. தரவுகளைத் திரட்டித் தரச் சொன்ன மாநிலம் அதற்கான நிதியைத் தராதது, நிதியில்லா ஆணைகளைத் தடுக்க 1978-இல் வாக்காளர்கள் ஏற்ற ஹெட்லீ அரசமைப்புத் திருத்தத்தை மீறியது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது.

இந்தக் கணக்கில் நேர்மை மிக முக்கியம். சட்டமே இல்லாவிட்டாலும் மாவட்டம் செய்திருக்கும் வேலையை ஆணையின் செலவாகக் காட்டக் கூடாது. நியூயார்க் மாநிலம் 2022-இல் பள்ளிப் பேருந்துகளை மாசு வெளியிடாதவையாக மாற்ற ஆணையிட்டது. அங்கே பேருந்தின் முழு விலையையும் எழுதுவது தவறு. டீசல் பேருந்துக்கும் மின் பேருந்துக்கும் உள்ள விலை வேறுபாட்டோடு மின்னேற்று வசதியின் செலவைக் கூட்டி, எரிபொருளில் மிச்சமாவதையும் மானியங்களையும் மாநிலப் போக்குவரத்து உதவியையும் கழித்த பிறகு நிற்பதே உண்மையான சுமை. ஒரு எண் மிகைப்படுத்தப்பட்டது என்று தெரிந்துவிட்டால், மற்ற எண்களையும் எவரும் நம்ப மாட்டார்கள்.

பிறகு உங்கள் மாநிலத்தில் என்ன தீர்வு உண்டு என்று பாருங்கள். கலிபோர்னியாவில் 1979-இல் வாக்காளர்கள் ஏற்ற நான்காம் முன்மொழிவு ஈட்டுத்தொகையை அரசமைப்புக் கடமையாக்கியது. பள்ளி மாவட்டம் மாநில ஆணைகள் ஆணையத்திடம் காலக்கெடுவுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும், அல்லது மாணவர் எண்ணிக்கைப்படி வரும் தொகுப்பு மானியத்தை ஏற்க வேண்டும். நியூ ஜெர்சியில் 1995-இல் ஏற்கப்பட்ட அரசமைப்புத் திருத்தத்தால், நிதியில்லா ஆணைகளைச் செல்லாதவை என்று அறிவிக்கும் உள்ளாட்சி ஆணைகள் மன்றம் உருவானது. மாணவர் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டத்தை நிதியில்லா ஆணை என்று அது 2012-இல் முடிவு செய்ததும், சட்டமன்றம் சில வாரங்களில் 10 லட்சம் டாலர் ஒதுக்கியது. ஒரு சிறிய பள்ளி மாவட்டம் கொடுத்த புகாரில் கிடைத்த பலன் இது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நம்பிக்கை பிறக்கிறது. இத்தகைய பாதுகாப்பு இல்லாத இடங்களில் நேரே சட்டமன்ற உறுப்பினரிடம்தான் போக வேண்டும்.

காலம் தவறாதீர்கள். நியூயார்க்கில் பெரும்பாலான மாவட்டங்களின் பட்ஜெட் வாக்கெடுப்பு மே மாதத்தின் மூன்றாம் செவ்வாயன்று நடக்கிறது; சொத்து வரி உயர்வுக்கு மாநிலம் விதித்த வரம்பை மீற 60 விழுக்காடு ஆதரவு வேண்டும். ஏப்ரலில் வாய் திறந்தால் வரைவில் எதுவும் மாறாது, ஜனவரியிலேயே தொடங்குங்கள். வாரியக் கூட்டத்தில் பொதுமக்களுக்குச் சில நிமிடங்களே கிடைக்கும் என்பதால், ஒரே பக்கத்தில் ஆணையின் பெயர், நடைமுறைக்கு வந்த ஆண்டு, நிகரச் செலவு, கணக்கிட்ட முறை ஆகியவற்றை எழுதி, கூட்டத்துக்கு முன்பே நிதி அலுவலரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அவர் திருத்தித் தரும் எண்ணையே கூட்டத்தில் சொல்லுங்கள். அதே தாளின் இன்னொரு படியைச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கும் அனுப்பிவிடுங்கள்.